சான்றிதழ் முதல் காப்பாளர் உத்தரவு வரை: ராமநாதபுரம் கடலோரத்தில் மாற்றுத்திறன் பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எந்தக் கடற்கரை ஊரை எடுத்தாலும் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. ஒன்று, "மாற்றுத்திறனாளி அட்டை வரட்டும், பிறகு பயிற்சிக்குப் போகலாம்" என்று காத்திருப்பது. மற்றொன்று, வருடக்கணக்கில் பிசியோதெரபிக்கு அலைந்துகொண்டே அட்டைக்கு விண்ணப்பிக்காமல் விடுவது. முதலாவதில் பிள்ளையின் வளர்ச்சி போகிறது. இரண்டாவதில் பணமும் உரிமையும் போகின்றன. இரண்டு வேலையையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். பயிற்சிக்கு எந்த அட்டையும் தேவையில்லை.

எப்போது சந்தேகப்பட வேண்டும், எங்கே போக வேண்டும்

நாலு மாதம் முடிந்தும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் பிடிமானமில்லாமல் உட்காரவில்லை, ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதில் நடக்கவில்லை, இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காட்டிவிடுங்கள். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினாலோ, நடந்தது தடுமாறினாலோ எந்த வயதானாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்பது பாட்டிமார்களின் ஆறுதல். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

அங்கன்வாடிக்கு வருடத்தில் இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வண்டியில் வரும். பிறந்தது முதல் 18 வயது வரை அவர்கள் பொறுப்பு. வண்டி எப்போது வருமென்று அங்கன்வாடி டீச்சரிடம் கேட்டு வையுங்கள். அந்தக் குழு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுக்கும். அங்கே டி.இ.ஐ.சி. என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். குழு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை, நேராகவும் போகலாம்.

முதல் நாள் கொண்டுபோக வேண்டியவை: பிரசவம் நடந்த மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டு (பிள்ளை உடனே அழுததா, எடை எவ்வளவு, எத்தனை நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும்), தடுப்பூசி அட்டை, எடுத்த ஸ்கேன், இப்போது கொடுக்கும் மருந்துப் பாட்டில். வலிப்பு வருமென்றால் வலிப்பு வரும்போது போனில் எடுத்த வீடியோ. மருத்துவருக்குப் பத்து வார்த்தை விளக்கத்தைவிட அரை நிமிட வீடியோ அதிகம் சொல்லும்.

காது விஷயத்தில் நாள் தள்ளவே கூடாது. பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி என்பது கணக்கு. கருவியால் பலனில்லாத பிள்ளைக்கு உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவை சிகிச்சையை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசமாகச் செய்கிறார்கள், ஆனால் 6 வயதுக்குள். ஐந்தரை வயதில் வந்து நின்றால் சோதனைகள் முடிவதற்குள் வயது தாண்டிவிடும். அறுவைக்குப் பிறகு ஒரு வருடமாவது பேச்சுப் பயிற்சிக்கு வாரந்தோறும் போகத் தயாராக இருக்க வேண்டும். பயிற்சி இல்லாமல் கருவி மட்டும் பேச வைக்காது.

மையத்துக்கு வாரம் ஒரு முறைதான் போக முடியும். ராமேஸ்வரத்திலிருந்து போனால் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் ஒவ்வொரு முறையும் சிகிச்சையாளரிடம் வீட்டில் செய்ய மூன்று பயிற்சிகளை மட்டும் கேளுங்கள். அவர் செய்வதையும், பிறகு நீங்கள் செய்வதையும் வீடியோ எடுங்கள். பத்துப் பயிற்சி வாங்கி வந்தால் ஒன்றும் நடக்காது. எழுந்து வர முடியாத பிள்ளைக்கு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குப் படுக்க வைத்துக் கஞ்சி ஊட்டக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சுச் சளியாகும். மாதாமாதம் சளிக்கு ஊசி போடும் பிள்ளைகளில் பலருக்கு மூல காரணம் ஊட்டும் முறைதான். முதுகு நிமிர்ந்து, தலை சற்று முன்னால் சாய்ந்தபடி உட்கார வைத்து, கரண்டியைக் கீழ்ப்பக்கமிருந்து கொண்டுவாருங்கள்.

ஏர்வாடி பற்றியும் சொல்லியாக வேண்டும். வலிப்பு, மூளை வளர்ச்சிக் குறை, ஆட்டிசம் என்று எதுவானாலும் தர்காவில் தங்கவைக்கும் வழக்கம் எல்லா மதத்தாரிடமும் உண்டு. பிரார்த்தனைக்குப் போங்கள், அதை யாரும் தடுக்கவில்லை. வலிப்பு மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் விடாமல் தொடர்ந்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. பிள்ளை வெளியே ஓடுகிறான் என்பதற்காகக் காலில் கயிறு கட்டும் வீடுகளுக்கு மாற்றுவழி உண்டு: வாசலில் உயரத்தில் தாழ்ப்பாள், கழுத்தில் போன் எண் எழுதிய டாலர், அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களிடம் போட்டோ. கடற்கரையில் வீடு என்றால் கடல் பக்கத்து வேலிதான் முதலில் கட்ட வேண்டியது.

சான்றிதழும் அட்டையும்

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால்தான் பெரும்பாலான திட்டங்கள் கிடைக்கும். இப்போது சான்றிதழும் அடையாள அட்டையும் யு.டி.ஐ.டி. என்ற ஒரே விண்ணப்பத்தில் வருகின்றன. 40-க்குக் கீழே வெள்ளை அட்டை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம்.

இ-சேவை மையத்திலோ உங்கள் போனிலோ யு.டி.ஐ.டி.க்கான ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் பதியலாம். பிள்ளையின் ஆதார், முகவரிச் சான்று, சமீபத்திய போட்டோ, பிறகு கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை வேண்டும். பதிந்ததும் வரும் எண்ணை எழுதி வையுங்கள். விண்ணப்பம் மருத்துவமனைக்குப் போகும், மதிப்பீட்டு நாளுக்குக் கூப்பிடுவார்கள். விதிப்படி 3 மாதத்துக்குள் முடிவு வர வேண்டும்.

இந்த இடத்தில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். முதல் காரணம் ஆதாரில் இருக்கும் போன் எண். அது அப்பாவின் எண்ணாக இருக்கும், ஓ.டி.பி. வரும் நேரத்தில் அவர் கடலில் இருப்பார். அம்மாவின் எண்ணைப் பிள்ளையின் ஆதாரில் சேர்த்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள். வங்கிக் கணக்கும் பிள்ளை பெயரில், அம்மாவைக் காப்பாளராக வைத்துத் திறப்பது நல்லது. எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால், அப்பாவின் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் எல்லாம் நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் பெயர். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதார்ப் பெயர் ஒன்று. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகமது என்பதையே ஒவ்வொரு தாளிலும் ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கூட்டலில் எழுதியிருப்பார்கள். பிறப்புச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு மூன்றையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுச் சரிசெய்த பிறகே விண்ணப்பியுங்கள். அட்டை அச்சாகி வந்தபின் திருத்துவது இருமடங்கு வேலை. கைவிரல் மடங்கி ரேகை பதியாத பிள்ளைக்கும் ஆதாரில் விதிவிலக்கு உண்டு. மையத்தில் "முடியாது" என்றால் அந்த விதிவிலக்கைக் கேட்டு வாங்க வேண்டும்.

மதிப்பீட்டு நாளில் அம்மாவின் பதில்தான் பாதி முடிவு. அறிவுசார் குறைபாட்டை அளக்கும் சமூக முதிர்ச்சி அளவுகோல், பிள்ளை தானாக என்னென்ன செய்கிறது என்று பெற்றோரிடம் கேட்டு மதிப்பெண் போடும். 55 முதல் 69 வரை வந்தால் 50 விழுக்காடு, 36 முதல் 54 வரை 75, அதற்குக் கீழே 90, 100. 70-ஐத் தாண்டினால் 25 விழுக்காடுதான். "சட்டை போடுவானா?" என்று கேட்டால், பெற்ற மனம் "ஓ, போடுவானே" என்று சொல்லிவிடும். பொத்தான் போட்டுவிடுவது அம்மாவாக இருக்கும். "கையை நுழைப்பான், பொத்தான் நான்தான் போடணும்" என்பதே சரியான பதில். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம். முந்தைய நாள் இரவே குளிப்பது, சாப்பிடுவது, கழிப்பறை, கடைக்குப் போவது, ஆபத்தை உணர்வது என ஒவ்வொன்றிலும் எதைத் தனியாகச் செய்கிறான், எதற்கு ஆள் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

மூளை முடக்குவாதம் இருந்தால் கை கால் குறைபாட்டை மட்டும் அளந்து அனுப்பிவிடுவது வழக்கம். அறிவுசார் குறைபாடு, பார்வை, செவித்திறன் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு குறைபாட்டை நேராகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, வருவதைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். கை கால் 60, அறிவுசார் 50 என்றால் மொத்தம் சுமார் 77 வரும். பராமரிப்பு உதவித்தொகைக்குக் கடும் பாதிப்பு என்று எடுத்துக்கொள்ளும் 75 என்ற கோட்டை அது தாண்டிவிடுகிறது. அளக்காமல் விட்டிருந்தால் 60-லேயே நின்றிருக்கும்.

சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றுதான் கிடைக்கும். அறிவுசார் குறைபாட்டில் 5, 10, 18 வயதுகளில் புதுப்பிக்க வேண்டும், 18-இல் தருவது ஆயுள் முழுக்கச் செல்லும். கற்றல் குறைபாட்டுக்கு 8 வயதுக்கு முன் சான்று கிடையாது. காலாவதியாகும் தேதிக்கு மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். இடைவெளி விழுந்தால் உதவித்தொகை நிற்கும், மறுபடி தொடங்க வைப்பது புதிதாக வாங்குவதைவிடக் கஷ்டம். விழுக்காட்டில் உடன்பாடு இல்லையென்றால் சட்டத்தின் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்கு முடிவை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

பணமாக வருபவை

பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 விழுக்காடு முதல், கடும் பாதிப்பு 75 முதல், தசைச்சிதைவு போன்ற சில நிலைகளுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழங்குகிறது. விண்ணப்பித்த வரிசைப்படிதான் ஒதுக்குவார்கள் என்பதால் அட்டை கைக்கு வந்த வாரமே கொடுத்துவிடுங்கள். ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தராவிட்டால் நின்றுவிடும். வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியத்தையும் இதையும் சேர்த்து வாங்க முடியாது.

நிராமயா என்ற காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. வருடம் ஒரு லட்சம் ரூபாய் வரை. முன் மருத்துவப் பரிசோதனை இல்லை, ஏற்கெனவே உள்ள நோயும் சேரும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குச் சேர 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. புதுப்பிக்க 50, 250. முதலமைச்சர் காப்பீட்டில் வராத பேச்சுப் பயிற்சி, பிசியோதெரபி, வெளிநோயாளி மருந்துச் செலவு இதில் வரும் என்பதுதான் இதன் பெருமை. ஆனால் முதலில் நாம் செலவு செய்து பிறகு பில் போட்டுப் பெற வேண்டும். மருத்துவர் சீட்டு இல்லாத பில்லும், தேதி இல்லாத பில்லும் திரும்பி வரும். ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும் ஆண்டு இது. பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிடுங்கள்.

நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணமில்லை. ரயிலில் அறிவுசார் குறைபாடு, முழுப் பார்வையின்மை, துணையின்றிப் பயணம் செய்ய முடியாத உடல் குறைபாடு போன்றவற்றுக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் 75 விழுக்காடு சலுகை, துணைக்கு வருபவருக்கும் அதே. ரயில்வே கேட்கும் படிவத்தில் அரசு மருத்துவர் தனியாகக் கையெழுத்திட வேண்டும். யு.டி.ஐ.டி. அட்டையை மட்டும் காட்டி டிக்கெட் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. மதுரைக்குச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய மிச்சம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் இந்த வேலைகளுக்கென்றே வாய்த்தது போல. அப்பா கரையில் இருப்பார், அந்த நாட்களில் பாதிக்குப் பள்ளியும் விடுமுறை. அட்டை, கணக்கு, காப்பீடு, ரயில் படிவம் எல்லாவற்றையும் அந்த 61 நாளுக்குள் முடிக்கத் திட்டமிடுங்கள். பழைய அட்டைகளைப் புதுப்பிக்கவும் அதுவே நேரம்.

பள்ளி

6 முதல் 18 வயது வரை, 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி என்பது 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவு. எந்தப் பள்ளி என்பதைப் பெற்றோர்தான் முடிவு செய்கிறார்கள்.

சேர்த்த அன்றே தலைமை ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவான எமிஸில் பிள்ளை சிறப்புத் தேவையுள்ள மாணவராகக் குறிக்கப்பட்டிருக்கிறதா? அந்தக் கட்டத்தை நிரப்பாவிட்டால் சிறப்பாசிரியர் வரமாட்டார், போக்குவரத்துப் படியும் துணைக்கு வருபவருக்கான படியும் வராது, மாணவிக்கான மாத 200 ரூபாயும் வராது, கருவி முகாமுக்கு அழைப்பும் வராது. பள்ளிக்கே வர முடியாத பிள்ளைக்கு வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வீட்டுக்கு வருவார். ராமேஸ்வரம் தீவு மண்டபம் ஒன்றியத்தில் சேரும். வள மையம் ஆண்டுதோறும் மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்தும். எல்லாத் துறை மருத்துவர்களும் ஒரே இடத்தில் உட்காருவதால் ராமநாதபுரத்துக்கு நாலு நடை மிச்சம். தேதியைச் சிறப்பாசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"எங்ககிட்ட வசதியில்லை, வேற பள்ளியப் பாருங்க" என்று சொல்லும் பள்ளியோடு வாக்குவாதம் செய்யாதீர்கள். சேர்க்கை கேட்டு ஒரு கடிதம் எழுதி, நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். அதற்குப் பிறகு வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர், கடைசியாக மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர். கடிதம் கைக்கு வந்ததும் பல பள்ளிகளில் பேச்சே மாறிவிடும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு ஆகியவை குறைபாட்டின் வகைக்கேற்பக் கிடைக்கும். ஜனவரியில் கேட்டால் தாமதம். பத்தாம் வகுப்பு தொடங்கிய மாதமே தலைமை ஆசிரியரிடம் சான்றைக் கொடுத்துவிட வேண்டும்.

உப்புக் காற்றில் கருவிகள்

முகாமில் தரும் சக்கர நாற்காலியின் முன் சக்கரம் ஒல்லியாக இருக்கும். மணலில் புதையும், சீமைக் கருவேல முள்ளில் பஞ்சராகும். அளவெடுக்கும்போதே காற்றில்லாத திட ரப்பர் டயரும் அகலமான முன் சக்கரமும் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். பிள்ளை வளர்ந்து கால் தொங்கும் நாற்காலியில் உட்கார வைத்தால் முதுகு கோணும், ஆகவே ஆண்டுதோறும் அளவு பார்க்க வேண்டும். வாரம் ஒரு முறை நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து, காய்ந்தபின் அச்சில் கிரீஸ் வையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊரில் அதை ஊற்றிக் கழுவுவதைவிடச் சும்மா விடுவதே மேல்.

காது கருவிக்கு எதிரி வியர்வையும் ஈரக் காற்றும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட மூடிய டப்பாவில் வையுங்கள். பொட்டலம் நிறம் மாறினால் புதிது வாங்க வேண்டும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் எச்சரிக்கை வந்தால் கையில் எடுக்க ஒரு பை: ஒரு மாத வலிப்பு மருந்து, அட்டைகளின் நகல் பிளாஸ்டிக் உறையில், காது கருவி பேட்டரி, பிள்ளைக்குப் பழகிய ஒரு பொருள். நிவாரண முகாம் பொறுப்பாளரான வி.ஏ.ஓ.விடம் பிள்ளையின் பெயரை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள்.

மனு எழுதும் முறை

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருக்கட்டும். வீடு, உதவித்தொகை, சக்கர நாற்காலி மூன்றையும் ஒன்றாக எழுதினால் மூன்று துறைக்கும் சுற்றி ஒன்றும் நடக்காது. முதல் வரியில் பிள்ளையின் பெயர், வயது, யு.டி.ஐ.டி. எண். அடுத்து என்ன வேண்டும், எந்தத் தேதியில் எங்கே விண்ணப்பித்தோம், இன்று வரை என்ன பதில். துயரத்தை விவரித்து இரண்டு பக்கம் எழுதத் தேவையில்லை, தேதிகள்தான் வேலை செய்யும். மனு எண்ணுள்ள ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வராதீர்கள்.

பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு "என் மனு இப்போது யாரிடம் இருக்கிறது, அதன் மேல் என்ன குறிப்பு எழுதப்பட்டது" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வழக்குக்குப் போகும் நிலை வந்தால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மாற்றுத்திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசமாக வழக்கறிஞர் தரும். அழைக்க 15100. பிள்ளைக்குப் பாலியல் தொல்லை என்ற சந்தேகம் வந்தால் 1098. பேச முடியாத பிள்ளையின் வாக்குமூலத்தைச் சிறப்பாசிரியர் அல்லது சைகை மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பதிய வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. அதைக் காவல் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள்.

தனியாக அலைவதைவிட ஐந்து வீடு சேர்ந்தால் வேலை எளிது. மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்பு சுய உதவிக் குழுவுக்கு 5 உறுப்பினர் போதும். பேச முடியாத பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோர் உறுப்பினராகலாம். கிராம சபையில் அங்கன்வாடிக்குச் சாய்தளம் கேட்டு அந்தக் குழுவே தீர்மானம் போட வைக்கலாம்.

பதினெட்டு வயதுக்குப் பின்

பலருக்குத் தெரியாதது இது. பிள்ளைக்கு 18 முடிந்த அன்றோடு பெற்றோரின் காப்பாளர் உரிமை சட்டப்படி முடிந்துவிடுகிறது. வங்கி கையெழுத்தை ஏற்காது, பத்திரப்பதிவு நடக்காது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் சட்டக் காப்பாளர் உத்தரவு பெறலாம். நீதிமன்றம் போக வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவுக்குப் படிவம் 'அ' கொடுக்க வேண்டும். நல அலுவலகத்தில் படிவம் கிடைக்கும்.

தாய் தகப்பன் இருவரும் சேர்ந்து காப்பாளராகலாம். கடல் தொழில் செய்யும் வீட்டில் மூன்றாவதாகப் பிள்ளையின் அண்ணனையோ சித்தியையோ இப்போதே பேசி வைப்பது நல்லது. ஆனால் அவர் சொத்துக்காக வருபவரா, பிள்ளைக்கு ஊட்டிவிடத் தெரிந்தவரா என்று பார்த்துச் சொல்லுங்கள். உத்தரவு வந்த ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் அசையும், அசையாச் சொத்துக்களின் பட்டியலைக் குழுவுக்குத் தர வேண்டும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கு. படகில் பங்கு, வீட்டு மனை, உதவித்தொகைச் சேமிப்பு எல்லாமே அந்தப் பட்டியலில் வரும். பதினேழரை வயதிலேயே புதுப்பித்த சான்றையும் போட்டோக்களையும் எடுத்து வைத்தால், பிறந்த நாளுக்கு மறுநாளே விண்ணப்பம் கொடுத்துவிடலாம்.